சுவர் நின்ற இடம்

“கருப்புப் பட்டையே போடச் சொல்லுங்க சித்தி.” அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். இன்று காலை எதிர்வீட்டில் டைல்ஸ் அறுக்கும் மிஷின் ஓடுகிறது. ஈரக் கல்தூள் வாசம் ஜன்னல் வழியே வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தாத்தா திண்டுக்கல் வீட்டை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாய்ப்பேச்சில் பிரித்துக் கொடுத்தார். பத்திரம் எழுதவில்லை, கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழுப்பியதோடு சரி. எங்கள் பக்கம் பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை அப்படியே கிடந்தது. வேடசந்தூர் மில்லுக்குப் போய்வந்த காலத்தில் சித்தப்பா உங்கள் பக்கம் மொசைக் போட்டார். மஞ்சளும் பச்சையுமான சில்லுகளைக் கடையில் நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்கள்.

சித்தப்பா இறந்த வருடம், “ஒத்தையில என்னத்துக்குக் கெடக்கணும்? ஒரே வீடா இருப்போம்” என்று அப்பா சுவரை இடித்தார். தெருவே அவரைப் பாராட்டியது. நானும்தான். பிறகு உங்கள் வாசல் கதவை மறைத்து எங்கள் பீரோ வந்து நின்றது. “ரெண்டு மீட்டர் எதுக்கு?” என்று உங்கள் கரண்ட் இணைப்பை எடுக்க எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. அத்தனையும் நல்ல காரணங்களாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளிவிட்டு, பெற்ற அப்பாவையே வேவு பார்க்கிறேனே என்று என்னைக் கடிந்துகொண்டேன். நீங்கள் மத்தியானம் படுக்கும்போது உங்கள் பாயின் நுனிகூடச் சிவப்புத் தரையைத் தொடாது. கவனித்திருக்கிறேன்.

சுவர் நின்ற இடம் ஒரு சாண் அகலத்துக்குச் சொரசொரவென்று இருந்தது. கல்லூரித் தோழிகள் வந்துபோன ஒருநாள், “கூடம் ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி இருக்குப்பா” என்று சொன்னது நான்தான். மறுவாரமே கூடம் முழுக்க டைல்ஸ் போடக் கொத்தனார் வந்துவிட்டார்.

அவர் டேப்பை இழுத்து அளந்துவிட்டு, “அண்ணே, செவுரு இருந்த எடத்துல மட்டும் கருப்புல ஒரு பட்டை ஓட்டிருவோமா? கரை வச்ச சேலை மாதிரி அம்சமா இருக்கும்” என்றார்.

“அதெல்லாம் வேணாம். ஒரே வெள்ளையா போடு.”

ஒரு வாளி வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர் அப்பா. அன்று கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டார்.

“பட்டை இருந்தா நல்லாத்தான இருக்கும், அத்தான்?” என்றீர்கள், சிரித்துக்கொண்டே.

“ஒனக்கு எதுக்கும்மா பட்டை? நெத்தியில பூசப் போறியா?”

கொத்தனார் சிரித்தார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். “ஏத்தா, நீ படிச்ச புள்ள. நீ சொல்லு.”

எதைக் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கோடும் மறைந்துவிட்டால் உங்கள் பாதி எதுவரை என்று காட்ட அந்த வீட்டில் ஒன்றுமே மிஞ்சாது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

“அப்பா சொல்றபடியே போடட்டும் சித்தி” என்றேன்.

“சரித்தா. அடுப்புல வெஞ்சனம் கெடக்கு” என்று உள்ளே போனீர்கள். மறுநாள் சிமெண்ட் பிடிப்பதற்காக உங்கள் மொசைக்கை உளியால் கொத்தினார்கள். சாயங்காலம் வரை நீங்கள் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

இப்போதும் யார் வீட்டுப் பெரிய கூடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன். எங்கே சுவர் இருந்திருக்கும், அந்தப் பக்கம் யார் இருந்திருப்பார்கள் என்று தேடுகிறேன். நல்ல காரணம் சொல்கிறவர்களை என்னால் நம்ப முடிவதில்லை. அந்தப் பாவாடைப் பேச்சை நான் எதற்காகப் பேசினேன் என்பதிலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

அடுத்த வருடம், “பத்து நாள்ல வாரேன்” என்று சாணார்பட்டிக்கு, உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனீர்கள். இறக்கும்வரை திரும்பி வரவில்லை. நீங்கள் அங்கே இருக்கும்போதே அப்பா வீட்டை முழுசாக விற்றார். உங்கள் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.