பனிக்குகையின் காற்றுத்துளை

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இருபத்திரண்டு வருடமாகக் கிரான்பர்ன் வீட்டில் ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க விடாதவர் நீங்கள். பனிமலையில் நாங்கள் இருவரும் பனிக்குள் குகை தோண்டிப் படுக்கப் பழகப் போன இடத்திலும் அந்தப் புத்தி போகவில்லை. காற்றுத்துளையை அடைத்தால் மூச்சு முட்டும் என்று பயிற்சி தந்தவள் மூன்று தரம் சொன்னாள். நீங்களோ, "காத்துப் பட்டால் தடிமன் வரும்" என்று உங்கள் கம்பளித் தொப்பியை அதற்குள் திணித்தீர்கள்.

விடியக் காலையில், மூச்சு முட்டிக் கிடந்த எங்களை அவள்தான் வெளியே இழுத்துப் போட்டாள். நான் கண் திறந்தபோது, "என் மனுசிதான் துளையை அடைத்தவள்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் தொப்பி அவள் கையில் இருந்தது.

ஹோம்புஷில் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். கூப்பிட வரவேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் படுக்கிறேன். நல்ல தடிமன், மூக்கு அடைத்திருக்கிறது. ஆனால் மூச்சு வருகிறது.

பிள்ளைகளின் அம்மா