ஆறாவது ஆளுக்கும் துணி எடுத்தாச்சு

விருத்தாசலம்
கார்த்திகை 5, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மதிவதனிக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். தினமும்தான் போனில் முகத்தைப் பார்க்கிறோமே, இப்போது என்ன கடுதாசி என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் சொல்ல ஆரம்பித்தால் விடும்மா, அடுப்புல பால் இருக்குது என்று வைத்துவிடுவாய், கடுதாசியை அப்படி வைக்க முடியாது. நம் தெரு பிரபா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதையும் ஒரு பை முறுக்கையும் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படி.

இந்த வருஷம் மழை பரவாயில்லை, மணிமுத்தாற்றில் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் ஓடுகிறது, அதைப் பார்க்கவே பாலத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள். கம்மாபுரத்துச் சாமிக்கண்ணு மாமா நெல் நட்டிருக்கிறார், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் அளக்க வருகிறார்கள் என்று மறுபடி பேச்சு அடிபடுகிறதாம், வரட்டும் பாத்துக்கலாம், அதுக்குன்னு நடாம கெடக்க முடியுமா என்கிறார். உன் அப்பா செராமிக் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆகியும் காலை எட்டு மணி ஆனால் வீட்டில் கால் தரிப்பதில்லை. தெரிந்தவர் ஒருத்தருடைய பொம்மைக் கம்பெனியில் போய் உட்கார்ந்து மண் சரியில்லை, அச்சு சரியில்லை என்று அவர்கள் உயிரை வாங்குகிறார். வீட்டில் இருந்து என் உயிரை வாங்குவதற்கு அது எவ்வளவோ தேவலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு உங்கள் தமிழ்ச் சங்கத்து விழாவில் பரதநாட்டியம் ஆடுகிறோம், ஒரு வருஷமாக ஆறு பேர் கற்றுக்கொள்கிறோம் என்று எத்தனை ஆசையாகச் சொன்னாய். அப்புறம் உடுப்பு தைத்துக் கொடும்மா என்று கேட்கும்போது மட்டும் ஐந்து பேருக்கு என்றாய். ஆறாவது ஆள் யாருடி என்று கேட்டேன். நான்தாம்மா, நான் மேடைக்குப் பின்னாடி நின்னு பாட்டு போட்டுக்கறேன், ஆடுற ஒடம்பாம்மா எனக்கு, அதான் ஒம்பதாவது படிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சே என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. ஆனால் துணிக்கு அலைந்த கதையைச் சொல்லாமல் அங்கே போக முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ கேட்டது மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர், உடுப்பு வெட்ட ஆளுக்கு ஒரு சேலை, எல்லாம் ஒரே சாயம். முதலில் கடைவீதியில் புதிதாக வந்திருக்கிற பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம், ஏசி எல்லாம் போட்டு உட்கார நாற்காலியும் குடிக்க ஜூஸும் கொடுத்தார்கள். அந்தப் பெண் விரித்துப் போட்ட சேலை விளக்கு வெளிச்சத்தில் தகதக என்று இருந்தது, நான் மயங்கிப்போய்விட்டேன். உன் அப்பாதான் இரு இரு என்று சேலையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினார், திருடிக்கொண்டு ஓடுகிறார் என்று வாட்ச்மேன் பிடித்துக்கொண்டான். யோவ், வெயில்ல கலரு பாக்கப் போறேன்யா, இத்தன வயசுக்கு மேல நான் மஞ்சப் பொடவய வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறேன் என்று இவர் கத்த, கடையே கூடிவிட்டது. எனக்கு மானம் போனது. ஆனால் மனுஷன் சொன்னது சரி, வெயிலில் அது மாம்பழமும் இல்லை எலுமிச்சையும் இல்லை, பச்சை ஓடிய ஒரு மஞ்சள். கையில் கசக்கிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போகிறது. உடுப்பின் முன்பக்க விசிறிக்கு மடிப்பு வைத்தால் பாட்டு முடிவதற்குள் மடிப்பு காணாமல் போய்விடும். பாலக்கரையில் ஒரு கடையில் துணி நன்றாக இருந்தது, ஆனால் ஒரே சாயத்தில் மூன்றுதான் இருக்கிறது, மிச்சத்துக்கு இதே மாதிரி தரோம்மா என்றார்கள். இதே மாதிரி என்பது இதே ஆகாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாட்டிய உடுப்பு என்றால் சிதம்பரம்தான் என்று யாரோ சொல்ல, செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினோம். அங்கே நாட்டிய உடுப்பு தைக்கிற கடையைக் கண்டுபிடித்து ஏறினால், தைத்த உடுப்பாகத்தான் கொடுப்போம், துணியாகக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூலையில் மெஷினில் சிவசங்கரி என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், அவள்தான் எங்கேருந்து வறீங்கக்கா என்று கேட்டாள். விருத்தாசலம் என்றேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அங்கேருந்தா இங்க வந்தீங்க, நாங்களே மாம்பழக் கலருன்னா உங்க ஊரு மார்க்கெட் சந்துல திருமால் கடையிலதாங்க்கா எடுக்கறோம் என்றாள். உன் அப்பா கடை வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் முறைத்தது அவருக்கு உறைக்கவே இல்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் சும்மா ஒரு கேள்வி கேட்டாள். அளவு எப்படிக்கா எடுத்தாங்க, நின்னுக்கிட்டா, அரைமண்டியிலயா என்று. முப்பது வருஷமாகத் தைக்கிறவள் நான், தெரியாது என்று சொல்ல வாய் வருமா, அதெல்லாம் சரியாத்தான் எடுத்திருப்பாங்க என்று மழுப்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். இல்லக்கா, நின்னுக்கிட்டு எடுத்தா அம்சமா இருக்கும், முட்டிய ரெண்டு பக்கமும் மடிச்சு ஒக்காந்தா பின்னாடி டர்ருன்னு போயிடும், நான் தைக்க வந்த புதுசுல ஒரு பொண்ணுக்கு அப்படி ஆயி அது அழுத அழுகை இன்னும் காதுல கேக்குதுக்கா என்றாள்.

மதி, அதோடு திரும்ப பஸ் ஏறினோம். சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றது, அப்பா வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி நீட்டினார், வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், விருத்தாசலம் வரைக்கும் அது மடியில்தான் இருந்தது. என்னாடி, ஒடம்பு சரியில்லையா, ஊசி போட்டுக்கலாமா என்று நாலு தடவை கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தப் பழைய உடுப்பை எடுத்தேன். பச்சையில் சிவப்பு பார்டர், நீ ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நான் பைஜாமா மாதிரி கால் வைத்துத் தைத்தது. அது என்ன ஆச்சு என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் தூக்கிப் போடவில்லை. பின்பக்கம் தையல் விட்டு ஒரு ஜாண் கிழிசல் அப்படியே இருந்தது. டேப் வைத்து அளந்தேன். அப்புறம் உன் அப்பாவை நடு வீட்டில் நிற்க வைத்து, இடுப்பின் முன்பக்கம் தொடங்கிக் கால் நடுவே கொண்டுபோய்ப் பின்பக்க இடுப்பு வரைக்கும் ஒரு அளவு எடுத்தேன். இப்ப முட்டிய மடிச்சுப் பாதி ஒக்காருங்க என்றேன். மனுஷன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐயோ முட்டி, ஐயோ இடுப்பு என்று கத்திக்கொண்டே கைலியோடு அரைமண்டி உட்கார்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உட்கார்ந்த அளவு நாலு விரல் அதிகம். இதுல என்ன அதிசயம், சூளைல சுருங்கும்னு தெரிஞ்சுதான அச்சயே பெருசா செய்யறோம், வேகாத பச்சை மண்ணப் பாத்துட்டு சரியா இருக்குன்னு எந்த மடையனாவது அச்சு செய்வானா என்றார். சொல்லிவிட்டு என் தோளில் கிடந்த பச்சை உடுப்பைப் பார்த்தார்.

அதற்கு மேலும் ஒன்று செய்தேன். என் அளவு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன், பழசு எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். அந்த வருஷம் ஆடியில் உனக்கு யூனிபாரம் தைக்க எடுத்த இடுப்பு அளவு இருபத்து நாலு. ஆண்டு விழா முடிந்த மாசம் தீபாவளிப் பாவாடைக்கு எடுத்ததும் இருபத்து நாலு. ஒரு நூல் கூட ஏறவில்லை. ரெண்டும் என் கையெழுத்துதான், பத்தொன்பது வருஷமாக என் வீட்டில்தான் இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

அன்றைக்கு நீ மேடையில் அரைமண்டி உட்கார்ந்ததும் துணி கிழிந்து, எல்லாரும் சிரித்து, நீ பின்பக்கம் ஓடி வந்தாய். உன்னைக் கட்டிப் பிடிக்க வேண்டியவள் நான் என்ன சொன்னேன். அத்தனை பிள்ளைகளும் அவங்க அம்மாக்களும் நிற்கும்போது, ரெண்டே மாசத்துல இப்படிப் பெருத்துட்டா நான் என்னாடி பண்ணுவேன், தீனியக் கொறைன்னா கேட்டாத்தான என்றேன். என் தையலைக் குறை சொல்லிவிடுவார்களே என்ற பயம் மதி, வேறு ஒன்றும் இல்லை. தெருவெல்லாம் என்னிடம் ரவிக்கை தைக்கிறது, என் பேர் கெட்டுவிடக் கூடாது என்று உன் பேரைக் கெடுத்தேன். அடுத்த வாரம் நாட்டிய வகுப்புக்குப் போகமாட்டேன் என்றாய், வயசுப் பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் நான் டேப்பை எடுத்தாலே நீ மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒட்ட வைத்துக்கொள்வாய், கல்யாண ரவிக்கைக்குக் கூட அப்படித்தான் நின்றாய். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், பாவி. அது எதனால் என்று எனக்கு இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அன்று கிழிந்தது உன்னால் இல்லை, நான் தப்பாக வெட்டினேன். உன் உடம்பு அன்றைக்கும் ஆடுகிற உடம்புதான், இன்றைக்கும் அப்படித்தான், கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்ற மாதிரி வெட்ட வேண்டியது தையற்காரி பொறுப்பு. அம்மாவை மன்னித்துக்கொள் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள் கண்ணு.

மறுநாள் காலையில் நானே திருமால் கடைக்குப் போனேன். பத்துக்குப் பத்து கடை, உட்கார இடம் கிடையாது, ஆனால் கடைக்காரர் சேலையைக் கையில் கொடுத்து வெயிலுல போயி பாருங்கம்மா என்று அவரே சொன்னார். உன் அப்பாவைக் கூட்டி வராமல் போனோமே என்று இருந்தது. கசக்கினேன், மடிப்பு நின்றது. முந்தி நுனியை எச்சில் தொட்டுத் தேய்த்தேன், சாயம் விடவில்லை. வெயிலில் நல்ல பழுத்த மாம்பழம். எத்தனம்மா என்றார், ஆறு என்றேன். ஒரே சாயத்தில் ஆறும் இருந்தது. லைனிங்குக்குப் பருத்தியாகவே எடுத்துவிட்டேன், அங்கே வெயில் அதிகம், நைலான் போட்டால் உடம்பெல்லாம் கடிக்கும். இந்தக் காகிதத்தின் பின்னால் ஒரு துண்டு குண்டூசியில் குத்தியிருக்கிறேன், போன் வெளிச்சத்தில் பார்க்காதே, பால்கனிக்கு எடுத்துப்போய்ப் பார்.

நீ அனுப்பிய ஐந்து பேர் அளவும் நின்று எடுத்தது, அதனால் எல்லாரையும் அரைமண்டியில் உட்கார வைத்து மறுபடி எடுத்து அனுப்பு, நான் அப்பாவை அளந்தேனே அந்த அளவும், இடுப்பிலிருந்து முட்டி வரைக்கும், ஒரு முட்டியிலிருந்து மறு முட்டி வரைக்கும் உள்ள அளவும் வேண்டும். மார்கழி பிறப்பதற்குள் கைக்கு வந்தால் பொங்கலுக்கு முன்னால் கொரியர் போட்டுவிடுவேன். ஆறாவது சேலையை யாருக்கும் கொடுக்க மாட்டேன், திருப்பியும் தரமாட்டேன், அது பீரோவில் பச்சை உடுப்பு இருந்த இடத்தில் இருக்கிறது. ஆடுவதும் ஆடாததும் உன் இஷ்டம், அம்மா கட்டாயப்படுத்தவில்லை. பாட்டு போட மாப்பிள்ளை இருக்கிறார், ஒரு பட்டனை அமுக்கத் தெரியாதா அவருக்கு.

பழமலைநாதர் துணையில் நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒருத்தருக்கு ஒருத்தர் குறையில்லாமல் இருக்க வேண்டும், நீ நினைத்தது எல்லாம் கூடி வர வேண்டும். அப்பா தன் முட்டி வலியை உன் கணக்கில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். கடைசியாக ஒன்று, மறக்காதே. இதற்கென்று போட்ட நோட்டில் ஆறாவது பக்கத்தின் மேலே மதிவதனி என்று எழுதி, கீழே அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். உன் அளவை எடுக்கும்போது மட்டும் மூச்சை நன்றாக வெளியே விட்டுவிட்டு எடு.

உன் அம்மா,
கோ. கொளஞ்சியம்மாள்