சம்மன் அக்காவுக்கு

அம்மா, இன்று காலை நம் சந்தில் புகை அடித்தார்கள். டீசலும் கொசு மருந்தும் கலந்த அந்த நாற்றம், மாலை போட்ட உன் படம் வரைக்கும் வந்தது. நீ செத்த பிறகு வருகிற புகை. வீடு எரிந்து முடிந்ததும் தண்ணீர் வண்டி வந்து நிற்குமே, அந்த அழகு. அடித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், வேறு மாவட்டத்திலிருந்து இரவல் வந்தவர்கள். நம் கோலசிலாங்கூர் சுகாதார அலுவலக ஆட்களைத்தான் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டதே.

முன்பெல்லாம் நீ மோட்டாரில் வந்து இறங்கும்போது உன் சட்டையிலும் இதே வாசம்தான். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வரும் பின்னே, மருந்து வரும் முன்னே" என்பேன்.

"உன் வாய்க்குள்ள ஒரு நாள் புகை அடிக்கிறேன், இருடி" என்பாய்.

டார்ச்சும் நீளக் காம்பு அகப்பையுமாக வீடு வீடாகப் போவாய். பூத்தொட்டித் தட்டு, பழைய டயர், பிளாஸ்டிக் டிரம் என்று எல்லாவற்றிலும் கொசுப்புழு தேடுவாய். கண்டால் சின்ன பாட்டிலில் பிடித்துக்கொண்டு அபராதச் சம்மன் எழுதுவாய். தாமான் குடியிருப்பு முழுக்க உனக்கு 'சம்மன் அக்கா' என்றுதான் பெயர். உன் சொந்தப் பெயர் உன் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளி விடுமுறையில் உனக்கு ஒரு சந்து முன்னால் ஓடி, "சம்மன் வருது! சம்மன் வருது!" என்று கத்துவது என் பொழுதுபோக்கு. கத்திய மறுநொடி டமால் டமால் என்று வாளிகள் கவிழும். சாக்கடையில் வெள்ளம். நீ வந்து பார்த்தால் ஒரு தட்டில்கூட ஈரம் இருக்காது. முதல் முறை என் காதைத் திருகினாய்.

"என் வேலையக் கெடுக்கவே பொறந்தியாடி?"

பிறகு சாக்கடையைப் பார்த்து உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணி கவுந்தாச் சரி. யாரு கவுத்தா என்ன." அதற்குப் பிறகு, நான் கத்தி முடிக்கும் வரை மோட்டாரை முக்கில் நிறுத்திக் காத்திருப்பாய். வெளியே சொன்னால் உன் மரியாதை போய்விடும் என்று மிரட்டி உன்னிடம் ஐஸ்கிரீம் வாங்கியிருக்கிறேன்.

மத்திய அரசாங்கம் செலவைக் குறைக்கிறது என்றார்கள். எங்கே குறைத்தார்கள்? கோலாலம்பூரில் ஒரு கார்ப்பெட்டாவது குறைந்ததா? வருடா வருடம் கையெழுத்து போடுகிற உன் ஒப்பந்தம் குறைந்தது. உன்னோடு புகை அடித்தவர்களும் போனார்கள். கழுத்து அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டார்ச்சும் அகப்பையும் உன் காசில் வாங்கியவை, அதனால் தப்பித்தன.

"ஒப்பந்தத்துல பந்தம் அவ்ளோதான்மா" என்றேன். அப்பா முறைத்தார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பியிருக்கக் கூடாது, ஏனென்றால் மழை பிடித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். சம்பளம் இல்லை, அட்டை இல்லை, அறிவும் இல்லை என்று நான் திட்டத் திட்டப் போனாய்.

பக்கத்துச் சந்து சரசு ஆண்டி வீட்டுக்குப் பின்னால் ஒரு லோரி டயர் கிடந்தது. ஆண்டி கேட்டைத் திறக்கவே இல்லை.

"அட்டை எங்கக்கா?"

"அட்டை போச்சு சரசு. டயரு இருக்கே. அதக் கொஞ்சம் கவுத்து வுட்டுரு."

"வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க, அதிகாரம் மட்டும் போகலையாக்கும்? போங்க லா."

உன் பின்னாலேயே வந்திருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. சந்து முனைக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன், "சம்மன் வருது!" ஒரு வாளிகூட அசையவில்லை. ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து சிரிப்புதான் வந்தது. "எந்தச் சம்மன் லா? அதான் ஆளே இல்லையே!"

அன்றுதான் புரிந்தது. என் பொய்க்கு முதுகெலும்பாக இருந்தது உன் வேலை.

முதலில் சரசு ஆண்டி பையனுக்கு டெங்கிக் காய்ச்சல். அவன் பிழைத்துக்கொண்டான். பிறகு உனக்கு. "காய்ச்சல் இறங்கிருச்சுன்னு சிரிக்காதீங்க, அப்பதான் ஆபத்து" என்று வீட்டுக்கு வீடு சொன்னவள் நீ. உனக்கு இறங்கியபோது அப்பா சந்தோஷத்தில் மைலோ கலக்கினார். நீ அதைத் தொடவில்லை. "ஏங்க, மோட்டார் வேணாம். யாருகிட்டயாச்சும் காடி கேளுங்க" என்றாய். அந்தக் காரில் போனவள் வேறு வண்டியில் திரும்பி வந்தாய்.

அவர்கள் மிச்சம் பிடித்தார்கள். எங்களுக்கு மிச்சம் உன் டார்ச்.

இன்று காலைப் புகைகூட உனக்காக இல்லை. பத்து மணிக்கு மண்டபத்தில் டெங்கி விழிப்புணர்வுக் கூட்டம். கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, மேடையில் வைத்திருந்த உன் இன்னொரு படத்துக்கு மாலை போட்டு, போட்டோவுக்கு நின்றார். மேடையோரம் பூத்தொட்டிகள். மண்டபத்துக்குப் பின்னால் மழையில் கிடந்தவற்றை அப்படியே தூக்கி வைத்திருந்தார்கள். நான் டார்ச்சோடு போய்க் குனிந்தேன். தட்டில் புழு நெளிந்தது. நான் போட்டதல்ல, சத்தியமாக. போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"தங்கச்சி, விழிப்புணர்வுதான் முக்கியம்" என்று அந்தப் பெரிய மனிதர் என்னைப் பார்த்து மைக்கில் சொன்னார்.

"உங்க காலுக்குப் பக்கத்துலயே விழிச்சுக்கிட்டு நீந்துது சார்."

அவர் காலைத் தூக்கினார். கூட்டம் சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆபீஸ்ல புகார் குடும்மா."

"அங்க இருந்தவங்கதான் சார் இப்பப் படத்துல இருக்காங்க."

கேமரா இறங்கியது. அப்பா என் கையைப் பிடித்தார், ஆனால் இழுக்கவில்லை.

சாயங்காலம் பக்கத்துச் சந்துக்குப் போனேன். கையில் உன் டார்ச். "சம்மன் வருது!" என்று கத்தினேன். குரல் நடுவில் உடைந்துவிட்டது, கிண்டல் செய்யாதே. பிறகு ஒரு வாளி கவிழ்ந்தது. அப்புறம் இன்னொன்று.

சரசு ஆண்டி டயரைத் தானே உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "தண்ணிய ஊத்திட்டேன்டி" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் என்னால் முடியாது, அம்மா. டார்ச்சை டயருக்குள் அடித்தேன்.

"உள் மடிப்புல இன்னும் இருக்கு, ஆண்டி. நல்லா ஊத்துங்க."