கணக்கில் வராத வாசகி

ஜனவரி 12

என் வாலுத் தங்கச்சிக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. ஒரு நாளைக்கு மூன்று கட்டடம், மொட்டை மாடியில் மூன்று மெஷின் ரூம் என்று ஏறி இறங்கினால் அதுவும்தான் என்ன செய்யும், பாவம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன்தான் ஊரிலேயே அதிகமாகப் படி ஏறுகிறான். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நான் கதை போடும் இணையதளத்தில் வருஷா வருஷம் வாசகர்கள் ஓட்டுப் போட்டு நல்ல ரசிகர் கதைகளைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? இந்த வருஷம் என் கதைக்கு நான்கு ஓட்டு! முதலிடம் வந்த கதைக்கு மூவாயிரத்துச் சொச்சம். அது கிடக்கட்டும். எனக்கு நான்கு. போன வருஷம் பூஜ்யம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்துவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "யாரோ எடுத்த டிவி தொடருக்கு நீங்க எதுக்குங்க கதை எழுதறீங்க?" நான் சொன்னேன்: "சார், அந்தத் தொடர்ல ஒரு லிஃப்ட்காரர் வருவார். மொத்தமே ஆறு காட்சி. கடைசி எபிசோட்ல ஆஸ்பத்திரி லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுடும். அவர் உள்ளே. அதோட தொடரையே நிறுத்திட்டாங்க. பதினோரு வருஷமா அந்த மனுஷன் அங்கேயே நிக்கறார். ஒரு லிஃப்ட் மெக்கானிக் இதைப் பார்த்துட்டு எப்படி சார் சும்மா இருக்கறது?" முதல் அத்தியாயத்தில் அவரை வெளியே எடுத்தேன். எடுத்த பிறகு அவர் வீட்டுக்குப் போக வேண்டாமா? வீட்டில் யார் இருக்கிறார்கள்? இப்படியே நாற்பது அத்தியாயம் ஓடிவிட்டது.

உன் அண்ணி இன்னும் கேலி செய்கிறாள். "அடுத்தவங்க பெத்த பிள்ளைக்கு நீங்க எதுக்குப் பேர் வைக்கிறீங்க?" என்கிறாள். பெற்றவர்கள் நடுவழியில் விட்டுவிட்டுப் போனால் யாராவது தூக்கித்தானே ஆகவேண்டும் என்றேன்.

அந்த நான்கு ஓட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும். கதைக்குக் கீழே கருத்து எழுதுகிற நால்வர்: மேல்மாடி, கோபக்காரி, மூன்றாம் வரிசை, படிக்கட்டு. எல்லாம் புனைபெயர்தான். முதல் மூவரும் வாரம் தவறமாட்டார்கள். படிக்கட்டு மட்டும் எப்போதாவது ஒரே வரி: "அடுத்தது எப்போ?" முன்பின் தெரியாத நான்கு பேர், தங்கச்சி! என்னைத் திருப்திப்படுத்தவேண்டிய எந்தக் கட்டாயமும் இல்லாதவர்கள். எனக்கு இந்த ஜன்மத்துக்கு இது போதும்.

நாற்பத்தோராம் அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம்போல உனக்குத்தான் முதலில்.

உன் அண்ணன்

---

ஜனவரி 25

நான்கு ஓட்டு வாங்கிய பிரமுகர் அண்ணனுக்கு,

வாழ்த்துகள். இனி நாங்களெல்லாம் உன்னைப் பார்க்க முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டுமோ?

இங்கே என் டிரைவிங் வகுப்புகள் நன்றாகப் போகின்றன. இப்போது ஒரு பல் டாக்டர் கற்றுக்கொள்ள வருகிறார். ஊரார் வாயை எல்லாம் தைரியமாகத் திறந்து பார்க்கிறவர், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். என் பக்கத்து பிரேக் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் இந்நேரம் யார் வீட்டு வரவேற்பறையிலோ இருந்திருப்போம். இந்தக் கடிதத்தையும் வண்டியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல். முழங்காலுக்கு டாக்டரைப் பார். சும்மா தைலம் தேய்த்துக்கொண்டு காலம் தள்ளாதே.

நாற்பத்தோராம் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லமாட்டேன். நான் சொல்வதுதான் உன் கணக்கில் வராதே.

உன் ஒரே தங்கச்சி

---

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உனக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதியில் ஒரு காட்சி இருந்தது. கணக்கு டீச்சர் ஒருவர் குணமாகி ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில், ஆசைக்கு ஏழு மாடிக்கும் பட்டனை அமுக்குவார். லிஃப்ட்காரரும் தடுக்காமல் ஏழு மாடியிலும் நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போவார். நினைவிருக்கிறதா? தளத்தில் ஏற்றும்போது அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன். ஆள் இல்லாத மாடியிலெல்லாம் லிஃப்டை நிறுத்துவது எனக்குள் இருக்கிற மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. தளத்தில் அந்த டீச்சரே கிடையாது.

நேற்று மூன்றாம் வரிசை எழுதியிருக்கிறார்: "டீச்சர் ஏழு பட்டனையும் அமுக்கிய இடத்தில் அழுதுவிட்டேன்."

அந்தக் காகிதத்தைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவன் நான்.

பிறகு உட்கார்ந்து பழைய கருத்துகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன். மேல்மாடியும் நீ. கோபக்காரியும் நீ. கோபக்காரி என்று பெயர் வைத்திருக்கும்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னைப் போல ஒரு மரமண்டை உண்டா? ஆபீஸ் முழுக்கக் காபி வாங்கிக் கொடுத்தேனே! எனக்கு நான்கு வாசகர்கள் இருந்தார்கள், நான்கும் என் தங்கச்சி. இதைவிட பூஜ்யமே கௌரவமாக இருந்தது.

படிக்கட்டு என்ற பெயரில் நேற்றும் "அடுத்தது எப்போ?" என்று கேட்டிருந்தாய். அதன் கீழேயே பதில் போட்டுவிட்டேன்: "போதும் தங்கச்சி, நாடகம். சின்ன வயசுலயும் நீ இப்படித்தான். அடுத்தது எப்பவும் இல்லை. போய் உன் வேலையைப் பாரு."

எல்லா அத்தியாயங்களையும் நேற்றே அழித்திருப்பேன். உன் அண்ணிதான், "கோபத்துல எதையும் செய்யாதீங்க, மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க" என்றாள். இருபத்தெட்டாம் தேதி அழிக்கிறேன். நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அண்ணன்

---

பிப்ரவரி 17

அண்ணா,

பதில் எழுத வேண்டாம் என்றாய். நீ சொல்லி நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

மூன்று பேர் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்தில் படித்துவிட்டோமே, அதைத்தானே ஏற்றியிருப்பாய் என்று தளத்தில் பார்க்காமலே கருத்துப் போட்டேன். அது என் சோம்பேறித்தனம். ஆனால் படிக்கட்டு நான் இல்லை. அம்மா மேல் ஆணையாக நான் இல்லை. நீ யாரோ ஒரு பாவப்பட்ட ஆத்மாவைத் தங்கச்சி என்று கூப்பிட்டுத் திட்டியிருக்கிறாய். முதலில் போய் மன்னிப்புக் கேள்.

நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். நீ முதல் அத்தியாயத்தை அனுப்பினாய். நான் ஒரு கற்றுக்குட்டியை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படித்தேன். அப்போதே போன் செய்து, "அண்ணா, ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். நீ என்ன சொன்னாய்? "நீ என் தங்கச்சி. நீ நல்லா இருக்குன்னு சொல்றதெல்லாம் கணக்குல வராது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் அடுத்த மாதம் முழுக்க, "யாருமே படிக்கலை, யாருமே படிக்கலை" என்று புலம்பினாய். நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன் அண்ணா. ஒவ்வொரு வாரமும் படித்தேன். உன் கணக்கில் வரவேண்டுமானால் நான் வேறு ஆளாக இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று மேல்மாடியாக ஆனேன். ஒருத்தி மட்டும் போதாது என்று தோன்றியது. குறை சொல்லவும் ஒருத்தி வேண்டுமே என்று கோபக்காரியானேன், படித்து அழவும் ஒருத்தி வேண்டுமே என்று மூன்றாம் வரிசையானேன்.

அவர்கள் எழுதிய ஒரு வரிகூடப் பொய் இல்லை. பெயர் மட்டும்தான் பொய். ஓட்டு போட்டது தப்பு, மூன்று போட்டது பெரிய தப்பு. நீ ஆபீஸில் காபி வாங்கிக் கொடுத்ததைப் படித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

கதையை அழிக்காதே. என் மேல் கோபமென்றால் என்னைத் திட்டு. அந்த லிஃப்ட்காரர் உனக்கு என்ன கெடுதல் செய்தார்?

தங்கச்சி

---

மார்ச் 2

அண்ணா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலையிலிருந்து வகுப்புக்கு நடுவிலெல்லாம் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தேன், கருத்துகளின் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. பல் டாக்டரே, "நீங்க ரோட்டைப் பாருங்க மேடம்" என்று எனக்குச் சொல்லும்படி ஆகிவிட்டது. கதை அப்படியேதான் இருக்கிறது. நேற்றும் இருந்தது. இன்றும் இருக்கிறது.

ஏன் என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாயா என்று மட்டுமாவது ஒரு வரி எழுது.

தங்கச்சி

---

மார்ச் 8

அன்புத் தங்கச்சிக்கு,

நன்றாக இருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் உன்னைத் தவிக்கவிட்டதற்கு உன் அண்ணி என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். ஆகையால் நீ புதிதாகத் திட்ட வேண்டியதில்லை.

இருபத்தெட்டாம் தேதி மதியம் சாப்பாட்டு நேரத்தில், ஒரு மெஷின் ரூமில் உட்கார்ந்து, அழிப்பதற்காகத்தான் தளத்தைத் திறந்தேன். படிக்கட்டு பதில் போட்டிருந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"சார், நான் உங்க தங்கச்சி இல்லைங்க. நாங்க ஒரு ஃபேக்டரியில சட்டை மடிச்சுப் பெட்டியில போடற வேலை பார்க்கிறோம். எங்க கூடம் மூணாவது மாடி. லிஃப்ட் சரக்குக்கு மட்டும்தான், நாங்க படிக்கட்டு. அதான் அந்தப் பேரு. உங்க கதையை நான் பிரிண்ட் எடுத்துட்டு வந்து மத்தியானம் சாப்பிடறப்போ சத்தமா வாசிப்பேன். மொத்தம் ஒன்பது பேர் கேட்பாங்க. அதுல நாலு பேருக்குப் படிக்க வராது. எனக்கு டைப் அடிக்க நேரமாகும், அதனால எல்லாரும் கேட்கறதை ஒரே வரியா அடிச்சுடுவேன். உங்க பதிலை வாசிச்சதும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம், நமக்குள்ள யாரு அவர் தங்கச்சின்னு. யாரும் ஒத்துக்கலை. உங்களுக்கு வீட்டுல ஏதோ மனக்கஷ்டம்னு புரியுது. சரியானதும் எழுதுங்க. கதையில வர்ற மருந்துக் கடை அம்மாவை லிஃப்ட்காரர் கட்டிக்கணும்னு ஆறு பேர், வேண்டாம்னு மூணு பேர். எனக்கு ரெண்டும் சம்மதம்."

படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். கீழே யாரோ லிஃப்ட் இன்னும் வரவில்லை என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். எவ்வளவு அசடு வழிந்தது என்று சொல்லி முடியாது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே வேறொன்றும் உறைத்தது. அதை உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

இந்தப் பத்துப் பேர் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. "அடுத்தது எப்போ?" என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு நான் நாற்பத்தோரு அத்தியாயம் எழுதியிருக்க மாட்டேன். ஐந்தாறிலேயே மூட்டை கட்டியிருப்பேன். வாரா வாரம் மேல்மாடி என்ன சொல்வார், இந்த இடத்தில் கோபக்காரி சண்டைக்கு வருவாளே, மூன்றாம் வரிசைக்கு இது பிடிக்குமா என்று யோசித்துத்தான் எழுதினேன். அதாவது உனக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்பது பேர் கதை கேட்டது உன்னால். உன்னைத்தான் நான் கணக்கில் வராது என்றேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. என்னை மன்னித்துவிடு, தங்கச்சி.

ஆபீஸிலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர், "மூணு ஓட்டு போயிட்டாலும் ஒண்ணு மிச்சம் இருக்குல்ல" என்று சமாதானம் சொல்லிவிட்டு, இன்னொரு காபி கேட்டார்.

நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தை வரும் சனிக்கிழமை ஏற்றுகிறேன். இந்த முறை கையெழுத்துப் பிரதி அனுப்பவில்லை. எல்லாரையும்போல நீயும் அங்கேயே படி. உன் பெயரிலேயே எழுது. எது தோன்றுகிறதோ அதை எழுது. நான் காத்திருப்பேன்.

உன் அண்ணன்

---

மார்ச் 19

அண்ணா,

சனிக்கிழமை காலை வகுப்பை ரத்து செய்துவிட்டு, வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்திப் படித்தேன். மேல்மாடியையும் மூன்றாம் வரிசையையும் மூடிவிட்டேன். கோபக்காரி போக மனமில்லாமல் ஒரு நாள் அவகாசம் கேட்டாள், பிறகு அவளும் போய்விட்டாள். "தங்கச்சி" என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்து எழுதினேன். நீ இதற்குள் பார்த்திருப்பாய். நடுவில் ரொம்ப இழுத்துவிட்டாய், மருந்துக் கடை அம்மா இத்தனை சீக்கிரம் சம்மதிக்கிறவள் இல்லை, கடைசிப் பக்கம் மட்டும் உன்னால்தான் எழுத முடியும். அவ்வளவுதான் எழுதினேன். மூன்று பேராக இருந்தபோது பக்கம் பக்கமாக வந்தது, ஒருத்தியாக எழுதும்போது மூன்று வரிக்கு மேல் வரவில்லை.

நீ பார்க்காதது ஒன்று இருக்கலாம். இன்று காலைதான் வந்தது. படிக்கட்டு எனக்குப் பதில் போட்டிருக்கிறது, உனக்கு இல்லை, எனக்கு:

"அந்தத் தங்கச்சி நீங்கதானாம்மா? உங்க அண்ணன் சொன்னார், நீங்க இல்லைன்னா இந்தக் கதையே இல்லைன்னு. நேத்து மத்தியானம் உங்க கருத்தையும் கதையோட சேர்த்துச் சத்தமா வாசிச்சேன். நடுவுல இழுவைன்னு நீங்க சொன்னதுக்கு எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்த வாரமும் எழுதுங்க, காத்திருக்கோம்."

பல் டாக்டர் பக்கத்தில் இருந்தார். "ஏன் மேடம் அழறீங்க, நான் நல்லாத்தானே ஓட்டறேன்?" என்று பதறிப்போனார். நன்றாகத்தான் ஓட்டினார். அவரை நேரே போகச் சொல்லிவிட்டு, வழி முழுக்க அழுதுகொண்டே வந்தேன், அண்ணா.

உன் தங்கச்சி