அந்தோணியார் மரத்தடி உப்பு

சேசு மரி சூசை துணை

காரிமங்கலம்
23-2-72

அன்பு மகன் வியாகுலத்துக்கு அப்பா ஆசீர்வாதத்தோட எழுதுறது. ஆண்டவர் கிருபையில நானும் உங்கம்மாவும் இங்க நல்லபடியா இருக்கோம், நீயும் அப்படியே இருக்கேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இதை எழுதுறேன். ஆனா பாகிஸ்தான் சண்டை முடிஞ்சு இத்தனை நாளாகியும் உன் கையெழுத்துல ஒரு வரி வரல. தபால்கார அர்ச்சுனனைக் கேட்டா பட்டாளத்துத் தபால் தாமதமாத்தான் வரும்ங்கன்னு அவரும் எத்தனை தடவைதான் சொல்லுவாரு பாவம், இப்பல்லாம் நம்ம தெருவை விட்டுச் சுத்திக்கிட்டுப் போறாரு.

இங்க எனக்கு இன்னொரு தலைவலி. கோயில் முன்னால அந்தோணியார் சுரூபத்துக்கு நிழலா நிக்குதே மரமல்லி, அது பட்டுப்போற மாதிரி இருக்கு. இலையெல்லாம் ஓரம் கருகிக் கருகிக் கொட்டுது. பங்குச் சாமியார் என் பொறுப்புல விட்ட மரம், எனக்கு ஒண்ணும் புரியல. நான் கரையான்னு நெனச்சு அடியில சுண்ணாம்பு அடிச்சேன். தையக்காரர் பச்சியப்பன் வந்து இது பூச்சிதான்னு அடிச்சுச் சொன்னாரு, டி.டி.டி. பவுடர் வாங்கித் தூவினேன், ஒரு பூச்சியும் சாகல, எனக்குத்தான் இருமல் வந்துச்சு. தண்ணி பத்தலன்னு ஒருத்தர், தண்ணி அதிகமாயி வேர் அழுகுதுன்னு ஒருத்தர், ஆளாளுக்கு வைத்தியம் சொன்னா நான் ஊத்துறதா நிறுத்துறதா. பாஸ்குத் திருநாளுக்குள்ள துளிர் விடலன்னா கிளை யார் தலையிலயாவது விழறதுக்குள்ள வெட்டிடணும்னு சாமியார் சொல்லிட்டாரு.

கடைசியில பயிர் நோவெல்லாம் பார்க்குற கிராம சேவக் முனிராஜைக் கூட்டியாந்தேன். அவரு பட்டையைச் சுரண்டினாரு, உள்ள பச்சையாத்தான் இருக்கு, ஓட்டையும் இல்ல தூளும் இல்ல. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் மண்ணைக் கொத்தினா வெள்ளையாப் பூத்துக் கெடக்கு, நான் அதைப் பூஞ்சாணம்னே நெனச்சிருந்தேன். அவரு துளி எடுத்து நாக்குல வச்சுத் துப்பிட்டு, இதுக்கு நோவே இல்லீங்க, யாரோ உப்பைக் கொட்டுறாங்கன்னாரு.

யாரோவா, ஊரே கொட்டுது. அந்தோணியார் காலடியில போடுற நேர்ச்சை உப்பும் மிளகும்தான். சண்டை வந்ததுல இருந்து பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்புன வூட்டுக்காரங்க எல்லாம் செவ்வாய்க்கிழமை தவறாம வர்றாங்க, உப்பு கரையுற மாதிரி கஷ்டம் கரையணும்னு செம்புத் தண்ணியையும் மேல ஊத்திட்டுப் போறாங்க. அதுல உங்கம்மா கைதான் பெரிய கை. மேல்மண்ணை அள்ளிட்டு உப்பு கீழ இறங்குற அளவுக்குத் தண்ணி பாய்ச்சணும், இனிமே ஒரு கல்லு உப்பு விழக் கூடாதுன்னு முனிராஜ் சொன்னாரு. மண்ணை அள்ளினேன், தண்ணியும் பாய்ச்சினேன். சாமியார் ஒரு மரப்பெட்டி வச்சு உப்பை இதுல போடுங்கன்னாரு. மத்தவங்க முனகிக்கிட்டே போட்டாங்க. உங்கம்மா மாட்டேன்னுட்டா. பெட்டியில போட்டா உப்பு எங்க கரையும், மரம் போனா வேற மரம் வச்சுக்கலாம்னு சொன்னா.

நேத்து செவ்வாய்க்கிழமை. அவளுக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. உப்பைத் துணியில முடிஞ்சு என் கையில குடுத்துட்டு மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா. பெட்டியிலயே போட்டுட்டு வந்து கரைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம்னுதான் போனேன். பெட்டிகிட்ட நின்னேன், கை போகல வியாகுலம். சுரூபத்தடியிலயே போட்டேன், தண்ணியையும் நானே ஊத்தினேன். செஞ்சது சரியா தப்பான்னு இன்னும் தெரியல.

குளிர்ல நெஞ்சை மூடிக்கிட்டுப் படு, செபமாலையை விட்டுடாதே. தேவமாதா உன் கூடவே இருந்து காப்பாத்தட்டும். இது கெடச்ச உடனே ஒரு கார்டு போடுப்பா, ரெண்டு வரி போதும். அதுவரைக்கும் நாங்க உப்பு போடத்தான் போறோம்.

இப்படிக்கு
உன் அப்பா
சின்னப்பன்