பச்சைத் தண்ணீரும் சிவப்புக் காரும்

ஷார்ஜா,
டிசம்பர் 6, சனிக்கிழமை.

அன்பு மகன் ஜிபினுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு உட்காரும் இடம் ஒன்று மட்டும் சுகமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். வின்னிபெக்கில் நீயும் உன் சிவப்புக் காரும் சுகமாக இருப்பதாக உன் வாயால் கேட்க ஆசை. மெசேஜ் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், வாய்ஸ் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக நீயே ஒருநாள் உளறிவிட்டாய், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். இதை உன்னால் வேகமாக ஓட்ட முடியாது. டூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி.

நீயும் அப்பாவும் பேசி இன்றோடு மூன்று வாரம். நடுவில் கிடந்து நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அவர் சொன்னது ஒன்றும் தப்பில்லை மக்களே. பனிக்காலம் முடியும்வரை ஒரு பழைய டப்பா வண்டியை வாங்கி ஓட்டு, அந்த டர்போ காரைப் போர்த்தி உள்ளே நிறுத்து என்றார். நீ பனி டயர் மாட்டினால் போதும் என்றாய். அப்பா, ரோட்டில் உப்பு கொட்டுகிறார்களாமே என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்க பனியே பாத்ததில்லியே அப்பா என்று சொன்னாய் பார், அங்கேதான் வந்தது வினை. கடலுக்கு நூறு அடியில் பிறந்த மனுஷனிடம் போய் உப்பைப் பற்றி வாதாடலாமா. போனை வைத்துவிட்டு, எனக்க மவனுக்குக் கொழுப்பு கூடிப் போச்சு, உப்புல எறக்கினா அந்த வண்டி சவம் ரெண்டே வருசத்துல தகரமாப் போவும், நான் இனி அவன்கிட்ட வாயத் தொறக்க மாட்டேன், கலாஸ், முடிஞ்சு போச்சு என்று சொன்னவர், அன்றைக்கு மீன் குழம்பைக்கூட இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ஆனால் நீ சொன்ன சொல் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பனியைப் பார்த்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார். நம் பங்குக் கோவிலுக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும் காதர் மைதீன் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், மீன் கம்பெனி ஐஸ் குடோனில் சூப்பர்வைசர். அங்கே மைனஸ் பதினெட்டு டிகிரி. எந்த டயரும் குளிரில் விறைத்துவிடும் என்று உனக்குக் காட்ட, திங்கட்கிழமை அப்பா தான் மெக்கானிக்காக இருக்கும் கராஜிலிருந்து உன் கார் அளவுக்கே உள்ள ஒரு கோடை டயரையும், பனி எப்படித்தான் உறைகிறது என்று பார்க்க வாய் வரை தண்ணீர் நிரப்பி மூடி திருகிய ஒரு கேனையும் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வந்தார். புதன்கிழமை முடிவு பார்க்கக் கிளம்பினார். அந்தக் கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் என்னுடைய ஊதா நிறக் கம்பளிச் சட்டை, தலையில் குரங்குக் குல்லா. வெளியே இருபத்தைந்து டிகிரி, லிப்டில் நின்ற ஒரு பிள்ளை அவரைப் பார்த்து அழுதுவிட்டது. இவ்வளவும் போட்டவர் காலில் போட்டது என்ன தெரியுமா, குளியலறைக்குப் போடும் ரப்பர் செருப்பு. ஷூ போட்டுக்கொண்டு போங்கள் என்றேன். அஞ்சு நிமிச சோலிக்கு ஷூ எதுக்கு என்றார்.

மற்றதை, அவரோடு கேமரா பிடிக்கப் போன கராஜ் பெயின்டர் சோலைமுத்து சொல்லித்தான் அறிந்தேன். உள்ளே போனவுடன் டயரை விரலால் அழுத்திப் பார்த்தாராம். மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்ததாம். பாத்தியாலே, நான் சொன்னேனா இல்லியா என்று கேமராவைப் பார்த்து உனக்காக ஒரு பிரசங்கம் ஆரம்பித்தாராம். நாலு வாக்கியம் முடிவதற்குள் அவருடைய செருப்பும் டயரைப் போலவே விறைத்துவிட்டது. ஒரு அடி எடுத்து வைத்ததுதான் தாமதம், வலது கால் ஒரு பக்கம் போக, இடது கால் அதன் பின்னால் போக, மனுஷன் நேராக உறைந்த நெய்மீன் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். வழவழ ரப்பர் பனியில் என்ன செய்யும் என்று உனக்குக் காட்டப் போனார், காட்டிவிட்டார். வீடியோ இருக்கிறது. அனுப்பக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் நீ வரும்போது காட்டுகிறேன்.

எலும்பு முறிவு இல்லை, நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கே கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துப் பார்த்துவிட்டேன். இப்போது நடுவில் ஓட்டை போட்ட காற்றுத் தலையணையில்தான் உட்காருகிறார், நேற்று வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் அதைக் கையிலேயே கொண்டுவந்தார். கேட்டவர்களிடமெல்லாம் முதுகு வலி என்று சொன்னார். கோவில் வாசலில் காதர் மைதீன் அண்ணன் எதிர்ப்படாததால் தப்பித்தார்.

ஆனால் மக்களே, நான் எழுத உட்கார்ந்தது அவர் விழுந்த கதையைச் சொல்வதற்காக இல்லை. விழுந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்தபோது பக்கத்தில் அந்தத் தண்ணீர்க் கேன் கிடந்ததாம். வயிறு வீங்கி, நெடுக வெடித்து, உள்ளே பாறை மாதிரி ஐஸ். அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் செத்துவிட்டது என்று சோலைமுத்து சொன்னான். அவரைத் தூக்கிவிட்டபோது வலிக்குதா என்று கேட்டதற்கு, நான் எனக்க மவன்கிட்ட தண்ணி ஊத்தச் சொல்லிட்டேம்ல என்று மட்டும் சொன்னாராம். உனக்கு நினைவிருக்கும். சண்டைக்கு முன்னால், அக்டோபரில், காரில் கூலண்ட் குறைவாக இருப்பதாக விளக்கு எரிகிறது என்று நீ கேட்டாய். அந்தக் கலர் தண்ணிக்கெல்லாம் அலையாத, பச்சத் தண்ணிய ஊத்து, நான் இருபத்து மூணு வருசமா அதத்தான் செய்யுதேன் என்று இவர் சொன்னார். இந்த ஊரில் ரேடியேட்டர் கொதித்துவிடுமோ என்றுதான் எல்லாருக்கும் பயம், உறைந்துவிடும் என்று எந்த மெக்கானிக் நினைப்பான். அங்கே வண்டிகளுக்கு கரண்ட் பிளக் குத்தி எஞ்சினுக்குச் சூடு காட்டுவார்கள் என்று நீ சொன்னபோதுகூட அவர் நீ கேலி செய்வதாகத்தான் நினைத்தார். கேன் வெடித்தது போல எஞ்சின் வெடித்து, காலை ஐந்து மணி டூட்டிக்குப் போகும் வழியில், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில், மைனஸ் முப்பதில் நீ நிற்பதுதான் அன்றிலிருந்து அவர் கண்ணுக்குள் நிற்கிறது. என் கண்ணுக்குள்ளும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது ஜிபின்.

அன்று மாலையே, நீ போனை எடுக்காததால், தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டு மூன்று மெசேஜ் போட்டேன். மூன்றுக்கும் கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம், ஊற்றினேன் என்றா, ஊற்றவில்லை என்றா. அப்பா என் போனை வாங்கி அந்தக் கட்டைவிரலைப் பெரிதாக்கி வேறு பார்த்தார். நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அவன்தானே என்னயக் கூப்பிடணும் என்கிறார். ஆனால் போனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. கராஜுக்கு வரும் பெரிய பெரிய கார்களையெல்லாம் சரிசெய்துவிட்டு, ரவுண்டானா வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பி வருவார், அதற்குள் ஓனர் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். இத்தனை வருஷத்தில் அப்படியொரு காரில் அந்த ரவுண்டானாவைத் தாண்டியதில்லை. உன் காரின் படம்தான் அவர் போனில் முதல் படமாக இருக்கிறது, என் படம் போய்விட்டது. ஜூனில் நாங்கள் அங்கே வருவதற்கு விசா போட்டிருக்கிறோமில்லையா, நேற்று அவர் அலமாரியை ஒதுக்கும்போது ஒரு ஜோடி தோல் கையுறை கிடைத்தது. என்ன இது என்றேன். அங்க குளிருமே என்றார். விரல் இல்லாத கையுறை மக்களே, பந்தயக்காரர்கள் போடுவது. ஜூன் மாதக் குளிருக்கு விரல் இல்லாத கையுறை.

அதனால் அம்மா சொல்வதைக் கேள். எப்படிப்பட்ட டப்பாவாக இருந்தாலும் சரி, இங்கே நம்மிடம் இருக்கும் பழைய வெள்ளைக் காரைப் போல ஸ்க்ரூடிரைவரால் கண்ணாடி இறக்குகிற வண்டியாக இருந்தாலும் சரி, ஒன்றை வாங்கி, அதற்கு நல்ல பனி டயரும் ஹீட்டரும் இருக்கிறதா என்று பார்த்து இந்தப் பனியை ஓட்டிவிடு. சிவப்புக் காரை உப்பில் இறக்காமல் ஜூன் வரை பத்திரமாக வை. வண்டிக்குள் ஒரு கம்பளியும் பிஸ்கட்டும் வைத்துக்கொள். காதை மூடு. மண்டே கிளினிக்கில் எனக்கு இரட்டை டூட்டி, அதற்கு முன் பதில் வேண்டும்.

ஒருவேளை தண்ணீர் ஊற்றியிருந்தால் காரைத் தொடாதே, கராஜ் ஆளை வரவழை, செய்தியை என்னிடம் மட்டும் சொல், அப்பாவிடம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஊற்றவில்லை என்றால் நீயே அப்பாவைக் கூப்பிடு. கூப்பிட்டு, அப்பா, நீங்க சொன்னத நான் கேக்கல என்று சொல். மகன் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று மூன்று வாரமாக முறைத்துக்கொண்டிருக்கிற மனுஷன், அதைக் கேட்டுத்தான் அழப்போகிறார்.

ஆண்டவர் உன் கையையும் காலையும் உன் நாலு சக்கரத்தையும் காக்கட்டும். கட்டைவிரல் வேண்டாம், வார்த்தையில் பதில்.

என்றும் உன் நினைவில்,
அம்மா
அற்புதராணி ஜான் பீட்டர்