சும்மா நின்ற வலது சக்கரம்

ஜூலை 3, வெள்ளி

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. ஜீப்பை ஸ்ரீவில்லிபுத்தூரில் கனகராஜ் பட்டறையில் விட்டாயிற்று. ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோரம் கிடைத்தது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த அதே ரோடு.

வேலைப் பட்டியல்:
முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல், இரண்டிலும் லாக்கர்.
ஆக்சில் நான்கும் தடித்ததாக.
டயர் ஐந்து, பெரியது, சேற்றுக்கானது. (கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்.)
டயர் பெரிதாவதால் கிரவுன், பினியன் பற்சக்கரங்களும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் வண்டி திணறுமாம்.

பட்டறையில் டீ குடிக்க வந்த கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் டிரைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இமயமலைக்கா?" என்றார். சேத்தூர்ப் பக்கம் தோப்புக்கு என்றேன். "மாங்கா பறிக்கவா இம்புட்டும்?" சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மகள் மீனா போனில். "அறுபத்தேழு வயசுல எதுக்குப்பா இது? வித்துத் தொலைங்க அத."

"உங்கம்மாவ வழியில நிறுத்துன வண்டிம்மா. சரி பண்ணாம எப்படி இன்னொருத்தர்கிட்ட குடுக்க?"

போனை வைத்துவிட்டாள்.

சாப்பாடு: ரசம், அப்பளம். அப்பளம் தீய்ந்தது.

ஜூலை 6, திங்கள்

வெயில். பட்டறை. வண்டி நாலு கட்டை மேல் நிற்கிறது, சக்கரம் இல்லாமல். பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

எஞ்சின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஃபரன்ஷியலைத் திறந்து காட்டினார் கனகராஜ். நாற்பத்தாறு வயது, என் பழைய மாணவர். காதோரம் நரை. இன்னமும் என் முன்னால் உட்கார மாட்டேன் என்கிறார்.

ஒன்றும் உடையவில்லை. ஒரு பல்கூடத் தேயவில்லை. "நல்லாத்தான் சார் இருக்கு. இதோட குணமே இதான். லேசா இருக்குற சக்கரத்துக்கே இழுவை போவும்."

தெரியும். வகுப்பில் கேள்வி கேட்டால் முதல் பெஞ்சுக்காரனே எழுந்து எழுந்து பதில் சொல்வான், மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். அதுபோல, வழுக்குகிற சக்கரமே சுற்றும், தரையைப் பிடித்திருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். லாக்கர் சுவிட்சைப் போட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும்.

முன் சக்கரங்களுக்கும் இழுவை தரும் முன் ஆக்சில் ஆறு வருடமாக வேலை செய்யவில்லை. வருடத்துக்கு நாலு தடவை தோப்புக்குப் போகிறோம், இது போதும் என்று தள்ளிப்போட்டவன் நான்.

நவம்பரில் அன்று மதியம் சாரதா தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிளம்பிவிட்டோம். ஓடையில் இடது பின் சக்கரம் மணலில் இறங்கியது. மிதித்தேன். சுற்றியது. இன்னும் மிதித்தேன். காவல்காரர் முத்தையா பின்னால் தள்ளினார். வலது சக்கரம் பாறை மேல், அசையாமல். சேத்தூரிலிருந்து டிராக்டர் வர ஐம்பது நிமிடம். "செத்த நேரம் முன்னாடி வந்திருந்தா" என்றார் டாக்டர், முழுதாகச் சொல்லாமல்.

எட்டு மாதமாக இதை எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 9, வியாழன்

மேகமூட்டம். புதுப் பல்லை நானே எண்ணினேன். பினியன் 8, கிரவுன் 43. முன்னும் அதே, பின்னும் அதே. ஒன்று மாறினாலும் இரண்டு பேர் ஒரே பெஞ்சை வெவ்வேறு வேகத்தில் தூக்கிக்கொண்டு போன கதைதான். கனகராஜ் சிரித்தார். "இன்னும் உதாரணத்த விடல சார் நீங்க."

பிறகு அவராகவே சொன்னது. அப்படியே எழுதுகிறேன்.

"உங்க தேர் உதாரணந்தான் சார் எனக்குச் சோறு போடுது. ஆண்டாள் தேரு திரும்பயில ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடுவாவ, அது நிக்கும், மறுபக்கம் சுத்தி வரும்னு சொன்னீங்கல்ல. சக்கரம் மணல்ல சுத்துனா அதுக்கும் கட்டை போடு, ஹேண்ட்பிரேக்க அரை இழுப்பு இழுத்துக்கிட்டு மெதுவா மிதி, இழுவை அடுத்த சக்கரத்துக்குப் போயிரும்னு. எம்புட்டு வண்டிய அப்படி எடுத்துவிட்டுருக்கேன் தெரியுமா? லாக்கராவது ஒண்ணாவது."

நான் சொன்னதுதான். வருடம் தவறாமல், கரும்பலகையில் தேரும் சக்கரமும் வரைந்து. ஆடிப்பூரத்துக்கு முந்தைய வாரம் என்றால் பிள்ளைகளுக்கு எளிதாகப் பிடிபடும் என்று நாள் பார்த்து நடத்துவேன்.

அன்று ஓடையில் நினைவுக்கு வரவே இல்லை. ஒரு நொடிகூட.

"என்ன சார், மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

வெயில் என்றேன். வெயில் இல்லை.

பஸ் நிலையத்துக்குத் தேரடி வழியாக நடந்தேன். சக்கரங்களுக்கு ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கட்டைகள் அடுக்கியிருந்தன. நிற்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 11, சனி

வேலை முடிந்தது. டயர் மட்டும் புதன்கிழமைதானாம். பழைய டயரையே மாட்டித் தரச் சொன்னேன். "நாலு நா பொறுங்க சார், மொத்தமா வாங்கிக்கிடுங்க" என்றார் கனகராஜ். முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை.

சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பழைய டயர். லாக்கர் போடக் கூடாது. முன் ஆக்சிலைச் சேர்க்கக் கூடாது. பல் கணக்கு மாறியிருக்கிறது, அது இதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

வண்டி ஏறாது என்றே விடை வரட்டும்.

ஜூலை 12, ஞாயிறு

காலை ஏழு மணி. ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவு. முத்தையா கரையில் வேப்பங்குச்சியோடு நின்றார். "வண்டி புதுசாயிருச்சுன்னாவ சார். இனி பறந்துரும்."

அதே இடத்தில் இடது பின் சக்கரத்தை இறக்கினேன். தெரிந்தே. முத்தையா குச்சியைத் துப்பினார். "சார், அங்க வேண்டாம், என்ன செய்யுதீக?"

மிதித்தேன். இடது சுற்றியது. முத்தையா மேலெல்லாம் சேறு. வலது நின்றது. அன்று போலவே.

காலை எடுத்தேன். ஹேண்ட்பிரேக் அரை இழுப்பு. மெதுவாக மிதித்தேன். ஏதோ தீய்கிற வாடை. வண்டி நடுங்கியது. வலது சக்கரம் பாறையைப் பிடித்தது. ஏறிவிட்டது.

முப்பது எண்ணுவதற்குள்.

கரையில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கை காலி. முத்தையா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று தள்ளியவர் அவர். அவருக்கும் புரிந்துவிட்டது.

"அன்னைக்கு மண்ணு வேற சார்" என்றார். "மழ வேற. இப்படி வந்திருக்காது. நாந்தான் பாத்தேனே."

மண் வேறில்லை. நல்ல மனிதர்.

ஜூலை 15, புதன்

டயர் வந்தது. மாட்டியாயிற்று. வண்டி உயரமாக நிற்கிறது. ஏறுவதற்குக் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. லாக்கர் சுவிட்சை இன்னும் ஒரு முறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

பால் பாக்கெட் ஒன்று போதும் என்று கடையில் சொல்லவேண்டும். இன்னமும் இரண்டு வருகிறது.

மாலை மீனா அழைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"கோவமாப் பேசிட்டேன்ப்பா அன்னைக்கு. வேல முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"இனி எங்கயும் சிக்காதுல்ல?"

"சிக்காது."

"அன்னைக்கே இதெல்லாம் இருந்திருந்தா அம்மா இருந்திருப்பா. வண்டிதான்ப்பா மோசம் பண்ணிருச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க."

ஆமாம் என்றால் முடிந்துவிடும். எட்டு மாதமாக இருவரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அவளும் என் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தவள்.

"மீனா, தேர் பாடம் ஞாபகம் இருக்கா?"

"அது எப்படி மறக்கும்? ஒரு சக்கரம் சும்மா சுத்துச்சுன்னா அதுக்குக் கட்டை போடணும்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "ஹேண்ட்பிரேக்க அரை இழு..."

"அப்பா, அன்னைக்கு ஓடையில நீங்க இத..."